ஒரு வேன், ஒரு நாள், ஐந்து இடங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் கோயில் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்வி எழுகிறது. கையில் ஒரு வேனும் ஒரு நாளும் இருக்கின்றன, கூட்டத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் உண்டு, பால்மரம் வெட்டி (ரப்பர்ப் பால் எடுத்து) ஓய்ந்த பாட்டியும் உண்டு. வரலாறு தெரிகிற மாதிரி எங்கே போவது? தீம் பார்க் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் தைப்பிங்கா, லெங்கோங்கா, கெல்லி மாளிகையா என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க, நம் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய நான்கு இடங்களையும், பெரும்பாலோர் கணக்கிலேயே சேர்க்காத ஐந்தாவது ஒன்றையும் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

நுழைவுக் கட்டணத்தைப் பலரும் முதலில் கேட்கிறார்கள். அது ஆகச் சிறிய செலவு. மாநில அளவிலான அருங்காட்சியகங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவுதான். பணம் கரைவது வேன் வாடகையிலும், டோலிலும், நண்பகல் சாப்பாட்டிலும், வெயில் தாங்காமல் வழியில் வாங்குகிற குளிர்பானங்களிலும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது, உடம்பு. தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்த கால்களுக்குப் படிக்கட்டு என்பது சிறிய விஷயமன்று. சக்கர நாற்காலி போகுமா, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்பவற்றைக் கேட்காமல் புறப்பட்டால், பாட்டி வேனிலேயே உட்கார்ந்திருக்க நேரும்.

மூன்றாவது, மொழி. இந்த இடங்களில் விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போவதே நல்லது. பிள்ளைகளுக்கு அது தடையில்லை. தமிழ் மட்டும் வாசிக்கும் பெரியவர்களுக்கு யாராவது ஒருவர் கூட நின்று சொல்ல வேண்டும். அந்த ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காவது அளவுகோல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அந்த இடத்தில் நம் மக்களின் சுவடு எங்கே இருக்கிறது? பேராக்கின் வரலாற்றுக் காட்சிகளில் பெரும்பகுதி சுல்தான்களையும், ஈயத்தையும், ஆங்கிலேய ஆட்சியாளர்களையும் பற்றியது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் கண்ணாடிப் பெட்டிக்குள் அரிதாகத்தான் இடம்பெறுகிறார். பெட்டிக்கு வெளியே, ஒரு மரத்தடியிலோ, ஒரு கோயில் கூரையிலோ, ஒரு கல்லறை வரிசையிலோதான் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

## தைப்பிங்: பேராக் அருங்காட்சியகம்

முழுமையான அருங்காட்சியகம் என்று கேட்டால் விடை தைப்பிங்தான். 1883இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே மிகப் பழையது. அப்போதைய பேராக் ரெசிடென்ட் (ஆங்கிலேய ஆட்சி அதிகாரி) ஹியூ லோவின் முயற்சியில் அமைந்த இதற்கு லெனார்ட் ரே முதல் காப்பாளராக இருந்தார். பாடம் செய்த விலங்குகள், பூர்வகுடி மக்களின் கைவினைப் பொருள்கள், ஆயுதங்கள், மட்பாண்டங்கள் என்று பழைய பாணியிலான சேகரிப்பு. தொடுதிரையும் ஒளிக்காட்சியும் எதிர்பார்க்கும் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் முகம் சுளிக்கலாம். ஆனால் பூர்வகுடிப் பொருள்களின் முன் நிதானமாக நின்றால், நம் ஊருக்குப் பின்னாலுள்ள மலைக் கிராமங்களில் வாழும் தெமியார் மக்களைப் பற்றிக் கேட்க அவர்களுக்கே கேள்விகள் வரும்.

தைப்பிங்கின் பலம் அருங்காட்சியகத்தோடு முடிவதில்லை. எதிரிலேயே 1879இல் எழுந்த சிறைச்சாலை; அருகில், ஈயச் சுரங்கமாக இருந்து 1880இல் பூங்காவாக மாறிய ஏரி; இன்னும் சற்றுத் தள்ளி, இரண்டாம் உலகப்போரில் இறந்த 800க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள். அந்தக் கல்லறைத் தோட்டம் சாலையின் இரு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபக்கம் இந்தியப் படையைச் சேர்ந்த இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். பாடநூலில் 'ஜப்பான்காரன் காலம்' என்று ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற விஷயம் இங்கே கல்லறை கல்லறையாக நிற்கிறது. 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்ட மலாயாவின் முதல் ரயில் பாதையும் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்றதுதான். அதை அமைத்த வேலையில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் ஈடுபட்டார்கள்.

நேரம் மிஞ்சினால் மாத்தாங்கிலுள்ள ஙா இப்ராகிம் கோட்டைக்குப் போகலாம். 1875இல் கொல்லப்பட்ட ரெசிடென்ட் பர்ச்சின் கொலை வழக்கு அடுத்த ஆண்டு நடந்த இடம் அது.

மறைமுகச் செலவு மழை. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் பட்டணங்களில் தைப்பிங் ஒன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வெளியிடங்களை வைத்துக்கொண்டால் திட்டம் முழுதும் நனைந்துவிடும். ஏரியையும் கல்லறைத் தோட்டத்தையும் காலையிலும், அருங்காட்சியகத்தை அதன் பின்னும் வைத்துக்கொள்வதே உத்தமம். ரயிலில் போக விரும்புவோருக்கு இது நல்ல தேர்வு. வழியிலே பெராப்பிட் மலையைக் குடைந்த 3 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதையைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஆனால் எல்லா மின்சார ரயில்களும் நம் நிலையத்தில் நிற்பதில்லை. திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு போகும் வண்டிக்குப் பயணச்சீட்டு எடுங்கள்.

## லெங்கோங்: பேராக் மனிதனின் பள்ளத்தாக்கு

லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1991இல் குனோங் ருந்து குகையில் கிடைத்த 'பேராக் மனித'னின் எலும்புக்கூடு ஏறக்குறைய 10,000 முதல் 11,000 ஆண்டுகள் பழையது. குழந்தை கருவில் கிடப்பதுபோல் கால்களை மடக்கிப் புதைக்கப்பட்ட அந்த மனிதரின் இடக்கையில் பிறவிக் குறைபாடு இருந்தது. ஆயினும் சுமார் ஐம்பது வயது வரை வாழ்ந்திருக்கிறார், இறந்தபோது கல் கருவிகளும் உணவும் உடன் வைக்கப்பட்டிருக்கின்றன. ஊனமுற்ற ஒருவரை அக்காலக் கூட்டம் எப்படி நடத்தியது என்ற கேள்வியை ஒரு வகுப்பில் எழுப்பினால், பாடவேளை போதாது. கோத்தா தம்பானில் கிடைத்த கல் கருவிப் பட்டறையோ இன்னும் பல்லாயிரம் ஆண்டு முந்தியது. சுமாத்ராவின் தோபா எரிமலை வெடித்துச் சாம்பல் பொழிந்த காலத்தோடு அதை ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய கதை இருந்தும், ஐந்து இடங்களில் தயாரிப்பில்லாமல் போனால் ஏமாற்றம் தரக்கூடியது லெங்கோங்தான். கண்ணுக்குத் தெரிவது சில கற்களும், எலும்புகளும், சுண்ணாம்புக் குன்றுகளும். அவற்றுக்கு உயிர் கொடுப்பது நாம் கொண்டுபோகும் அறிவு. குகைகளுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது; அனுமதியும் வழிகாட்டியும் தேவைப்படும், ஏற்றமும் உண்டு. இத்தகைய காட்சிக்கூடங்கள் சீரமைப்புக்காக நீண்ட காலம் மூடப்படுவதும் உண்டு என்பதால், காட்சிக்கூடம் திறந்திருக்கிறதா, எலும்புக்கூடு தற்சமயம் காட்சியில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்காமல் வேனுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கோலகங்சாரிலிருந்து வடக்கே போகும் சாலையில் டோல் இல்லை. ஆனால் வளைவுகள் உண்டு, வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளுக்குப் பை வேண்டும். சாப்பாடும் சிக்கல்தான். லெங்கோங் பெக்காசாம் மீனுக்குப் பேர்போன ஊர். சைவக்காரர்கள் புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ கட்டிக்கொண்டு போய், ராபான் ஏரிக்கரையில் பிரித்துச் சாப்பிடுவது மேல்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள், அதிலும் அறிவியலிலோ வரலாற்றிலோ ஆர்வமுள்ள சிறு குழு, கூடவே ஓர் ஆசிரியர்: இதுதான் லெங்கோங்குக்குப் பொருத்தமான கூட்டம். மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## கெல்லி மாளிகை: பேய்க் கதைக்கு அப்பால்

பத்து காஜாவிலுள்ள கெல்லி மாளிகையை நம்மவர்கள் பேய்க்காகவே பார்க்கப் போகிறார்கள். இரகசியச் சுரங்கம், அடிச்சத்தம், நிழலுருவம் என்று பேசிப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் ஐந்து இடங்களில் தமிழர் கைவேலை சுவராகவே நின்றுகொண்டிருப்பது இங்கேதான்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பரில் சம்பாதித்த பணத்தில் 1915 வாக்கில் இந்த மாளிகையைத் தொடங்கினார். கட்டுமானத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் பரவிய ஸ்பானிய சளிக்காய்ச்சலில் வேலையாட்கள் பலர் மாண்டார்கள். தொழிலாளர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் மாளிகையிலிருந்து சிறிது தூரத்தில் இன்றும் இருக்கிறது; அதன் கூரை மேல், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். தொழிலாளர்கள் தங்கள் முதலாளியை எப்படிப் பார்த்தார்கள், அது நன்றியா, பயமா, இரண்டுமா என்று பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேசலாம். 1926இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார். மாளிகை முடிக்கப்படாமலே நின்றுபோனது.

ஆகவே கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கோயிலுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கோயிலைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. நாம்தான் ஓட்டுநரிடம் முன்னரே சொல்லி வைக்க வேண்டும். அதோடு, கோயில் வழிபாட்டுத் தலம் என்பதால் நடை திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

பெரியவர்களுக்கு இது கடினமான இடம். மலாயாவின் முதல் மின்தூக்கி என்று திட்டமிட்ட குழி மட்டும் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. மேல்தளம்வரை படிக்கட்டுதான், சில இடங்களில் குறுகலானது. முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தையும் புல்வெளியையும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் இறங்கி வரும்வரை நிழலில் காத்திருக்கலாம். ஈப்போவைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் எண்ணெயும் டோலும் கூடும். மறுபுறம், திரும்பும் வழியில் ஈப்போவில் நல்ல வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும் என்பது சிலருக்கு முடிவை மாற்றும் விஷயமாகவே இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருப்பவர்கள் தஞ்சோங் துவாலாங்கிலுள்ள ஐந்தாம் எண் ஈயக் கப்பலையும் சேர்த்துக்கொள்ளலாம். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை மண்ணைத் தோண்டிய அந்த இரும்பு மிதவையைப் பார்த்தால், கிந்தாப் பள்ளத்தாக்கில் ஏன் இத்தனை குட்டைகள் இருக்கின்றன என்பது புரிந்துவிடும்.

## கோலகங்சார்: ஒரு மரத்துக்காக

நம் ஊரிலிருந்து பழைய சாலையிலேயே சுமார் 20 கிலோமீட்டர். டோல் இல்லை, பயணம் அரை மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, 'அதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போட்டு ஒருபோதும் பார்க்காதவர்கள் சுங்கை சிப்புட்டில் ஏராளம்.

முன்னாள் அரண்மனை ஒன்றில் இயங்கும் சுல்தான் அஸ்லான் ஷா காட்சிக்கூடமும், 1917இல் நிறைவுற்ற உபுடியா பள்ளிவாசலும் அழகானவை. பள்ளிவாசலுக்காக இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து நொறுக்கிய கதையைப் பிள்ளைகள் விரும்புவார்கள். 1926இல் ஆணி அடிக்காமல் எழுப்பிய கெனாங்கான் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தாலும் மூங்கில் தட்டிச் சுவரின் பின்னல் கண்ணைப் பறிக்கும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சாயோங்கில் கறுப்புச் சுரைக்காய் வடிவக் குடங்கள் செய்கிறார்கள்.

ஆனால் நான் கோலகங்சாரைப் பரிந்துரைப்பது இவற்றுக்காக அன்று. மாவட்ட அலுவலகப் பக்கத்தில் வேலியிட்டு நிற்கும் ரப்பர் மரத்துக்காக. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் சிங்கப்பூர் வந்து, அவற்றிலிருந்து ஒன்பது கன்றுகளை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறையில் எஞ்சி நிற்பதாகப் போற்றப்படுவது இந்த மரம். இது காய்த்துப் பெருகிய பின்தான் காடுகள் தோட்டங்களாயின. 1907இல் தொழிலாளர்களின் பயணச் செலவுக்காகத் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது, கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள், 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தபோதும் கப்பல்கள் நிற்கவில்லை. நம்மில் பெரும்பாலோரின் பாட்டனும் பூட்டனும் கடல் கடந்ததற்குக் காரணம் தேடினால் அது இந்த மரத்தின் அடியில் வந்து நிற்கும்.

மரத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றும். பால்மரம் வெட்டிய ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் கதையே வேறு. பட்டையில் எந்தக் கோணத்தில் கத்தி ஓட வேண்டும், மழை பெய்தால் அன்றைய கூலி என்னவாகும், விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன நிரை (மர வரிசை) எவ்வளவு நீளம் என்று அவர் சொல்லத் தொடங்கினால், வேறெந்தக் கூடத்திலும் கிடைக்காத விளக்கவுரை அங்கே நடக்கும். பெரியவர்களை விளக்கம் கேட்பவர்களாக அன்றி விளக்கம் சொல்பவர்களாக ஆக்கும் இடம் இந்த ஐந்தில் இது ஒன்றுதான். சமதளம், நிழல், குறைந்த செலவு என்ற மற்ற அனுகூலங்களும் சேர்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. காட்சிக்கூடங்கள் அரச குடும்பத்தை மையமாகக் கொண்டவை. மரத்தைப் பற்றிய விளக்கமும் சுருக்கமானது. கூட யாரும் சொல்ல ஆளில்லாமல் போகிறவர்களுக்கு இது ஒரு மணி நேர ஊர்சுற்றலாக முடிந்துவிடும்.

## நம் ஊரிலேயே

கட்டணமும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாத ஐந்தாவது தேர்வு இது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய மேலாளர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் வரலாற்றுப் பாடநூலில் நம் ஊர் பெயர் வருவது அதனால்தான். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். 1919ஆம் ஆண்டு, அதே ஜூன் 16ஆம் நாள். அவர் முயற்சியில் அமைந்து 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் தமிழ்ப்பள்ளியாக நடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

இங்கே மறைமுகச் செலவு பணமன்று, உழைப்பு. பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், செம்பனையாக மாறிவிட்ட தோட்டங்களுக்குள் போக அலுவலகத்தில் சொல்ல வேண்டும், பெரியவர்களிடம் முன்னரே பேசி வைக்க வேண்டும். அதைச் செய்ய ஒருவர் முன்வராவிட்டால் இந்தத் தேர்வு காகிதத்திலேயே நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| இடம் | செலவு | பெரியவர்களுக்கு | நம் சுவடு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| தைப்பிங் | நடுத்தரம் | எளிது; மழை கவனம் | கல்லறைத் தோட்டம், ரயில் பாதை | பெரிய குழு, முழு நாள் |
| லெங்கோங் | நடுத்தரம். டோல் இல்லை | குகை என்றால் கடினம் | இல்லை | இடைநிலைப்பள்ளி மாணவர் |
| கெல்லி மாளிகை | அதிகம் | படிக்கட்டு கடினம் | சுவரிலும் கோயிலிலும் | பதின்ம வயதினர் |
| கோலகங்சார் | மிகக் குறைவு | எளிது | ரப்பர் மரம் | மூன்று தலைமுறைக் குடும்பம் |
| சுங்கை சிப்புட் | இல்லை | எளிது | எங்கும் | ஏற்பாடு செய்ய ஆளுள்ளவர்கள் |

கடாரம் (இன்றைய கெடா) ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்பார்கள். கெடா மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகமும், மீட்டெடுத்து நிறுத்திய புக்கிட் பத்து பகாட் சண்டியும் (பழங்காலக் கோயில்) அவசியம் பார்க்க வேண்டியவை. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் படித்த பிள்ளைகளுக்கு அதன் ஈர்ப்பு தனி. ஆயினும் போக வர 300 கிலோமீட்டர் அளவுக்கு வரும் பயணத்தை ஒரே நாளில் பாட்டியோடு திணிப்பது நியாயமன்று. சுங்கைப் பட்டாணியில் ஓரிரவு தங்க முடிகிறவர்கள் தனியாகத் திட்டமிடலாம்.

என்னைக் கேட்டால், குடும்பமாகப் புறப்படுகிறவர்கள் காலையில் கோலகங்சார் மரத்தடியில் தொடங்கி, வெயில் ஏறுமுன் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்து, பிற்பகலில் ஊர் திரும்பிவிடலாம். மிச்சமாகும் டோல் பணமும் வேன் வாடகையும் அடுத்த விடுமுறையில் தைப்பிங்குக்கு உதவும். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். தொழுகைக்காக நண்பகலில் அரசு அருங்காட்சியகங்கள் இடைவேளை விடுவது வழக்கம், சாப்பாட்டு நேரமும் அதோடு மோதும். பொது விடுமுறை நாள்களில் வேன் வாடகை ஏறும் என்பதால், பள்ளி விடுமுறையின் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து, மரம் வெட்டிய பெரியவர் யாருக்கு அன்று மருத்துவமனைத் தவணை இல்லை என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு நாளைக் குறியுங்கள்.